ஜெனரல் மோட்டார்ஸைக் கவிழ்த்தது சங்கமா, நிர்வாகமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

2009ல் அமெரிக்கக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) திவாலானதற்கு ஒரே காரணம் தொழிற்சங்கம்தான். கேட்டதையெல்லாம் வாங்கி வாங்கிக் கம்பெனியை ஒட்டச் சுரண்டிவிட்டார்கள். தொழிற்சாலைகளைப் பற்றி நிறைய எழுதுகிறீர்களே, இதை உங்களால் மறுக்க முடியுமா?

பிப்ரவரி 4, இரவு 10.15

மறுக்கிறேன். 2009 ஜூன் 1ஆம் தேதி நியூயார்க் நீதிமன்றத்தில் ஜி.எம். கொடுத்த திவால் மனுவில் சொத்து சுமார் 8,200 கோடி டாலர், கடன் 17,200 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பெரிய பள்ளத்தை ஒரு தரப்பு மட்டும் வெட்டியிருக்க முடியாது. ஒப்பந்தம் என்றால் அதில் இரண்டு கையெழுத்து இருக்கும். சங்கம் கேட்டது, சரி. கொடுத்தவர் யார், என்ன கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டாமா? நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, காலை

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப், அப்புறம் அசெம்பிளி என்று வாழ்நாளில் பெரும்பகுதியை இன்ஸ்பெக்ஷன் மேஜையில் கழித்தவன். சங்கத்தில் இருந்தேன். பிறகு சூப்பர்வைசராகி, பேச்சுவார்த்தை நடக்கும்போது எதிர்வரிசையிலும் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் எப்படி யோசிக்கும் என்று தெரியும். ஜி.எம். வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்ததே, எங்கள் லைனில் நடந்த பல விஷயங்களுக்கு மூலம் ஜி.எம்.மின் ஊர்களான ஃபிளின்ட்டிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கிறது என்று புரிந்த பிறகுதான்.

பிப்ரவரி 5, மாலை

கீழே ஒருவர், “ஜி.எம்.மை ஆரம்பித்தவர் ஸ்லோன்தானே?” என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஆரம்பித்தவர் வில்லியம் டூரன்ட். மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டி செய்து பெரும் பணம் பார்த்தவர். 1904ல் தள்ளாடிக்கொண்டிருந்த பியூக் கார் கம்பெனியைக் கையில் எடுத்தார். 1908 செப்டம்பர் 16ல் ஜெனரல் மோட்டார்ஸைப் பதிவு செய்தார். அப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார்: ஓல்ட்ஸ்மொபீல், கெடிலாக், ஓக்லண்ட் என்ற கார் கம்பெனிகள், உதிரிபாகக் கம்பெனிகள். 1909ல் ஃபோர்டையே விலை பேசினார். ஹென்றி ஃபோர்டு 80 லட்சம் டாலர் கேட்டார், அதுவும் ரொக்கமாக. வங்கிகள் கைவிரித்துவிட்டன. அந்தப் பணம் கிடைத்திருந்தால் அமெரிக்கத் தொழில் வரலாறே வேறாகியிருக்கும்.

1910ல் கடன் முற்றி, கம்பெனி வங்கிக்காரர்கள் கைக்குப் போனது. டூரன்ட் சும்மா இருக்கவில்லை. லூயி செவ்ரோலே என்ற சுவிஸ் நாட்டுப் பந்தய ஓட்டுநரைச் சேர்த்துக்கொண்டு 1911ல் செவ்ரோலே கம்பெனியைத் தொடங்கினார். அது நன்றாக ஓடியது. செவ்ரோலே பங்குகளைக் கொடுத்து ஜி.எம். பங்குகளைச் சேர்த்து, 1916ல் மறுபடி தலைவராக உள்ளே வந்து உட்கார்ந்தார். தன்னை வெளியேற்றிய கம்பெனியைத் தானே வளர்த்த சின்னக் கம்பெனியை வைத்துத் திரும்பப் பிடித்தவர்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இது. 1920ல் பங்குச் சந்தைச் சரிவில் மறுபடி எல்லாம் போனது. இந்த முறை டூ பான்ட் குடும்பமும் மார்கன் வங்கியும் கடனை ஏற்று கம்பெனியை எடுத்துக்கொண்டன. டூரன்ட் கடைசிக் காலத்தில் ஃபிளின்ட்டில் ஒரு பௌலிங் கூடம் நடத்தினார். 1947ல் இறந்தார்.

பிப்ரவரி 6

பியூக் என்ற பெயருக்கு உரிய டேவிட் பியூக் என்ன ஆனார் என்று ஒரு கேள்வி. ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கம்பெனி வளரும் முன்பே வெளியே வந்துவிட்டார். 1929ல் வறுமையில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய கார்கள் இன்றும் விற்கின்றன.

பிப்ரவரி 7, இரவு

ஸ்லோனுக்கு வருவோம். ஆல்ஃபிரட் ஸ்லோன் பேரிங் கம்பெனியிலிருந்து வந்தவர், 1923ல் தலைவர். டூரன்ட் வாங்கிக் குவித்திருந்த கம்பெனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. ஸ்லோன் அவற்றைப் படி படியாக அடுக்கினார். கீழே செவ்ரோலே, உச்சியில் கெடிலாக், நடுவில் மற்றவை. ஒவ்வொரு பணப்பைக்கும் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கார் என்பது 1924ல் அவர் பங்குதாரர்களுக்குச் சொன்ன கொள்கை. வாங்க வழியில்லாதவருக்குத் தவணைக் கடன். அதற்கான கம்பெனி 1919லேயே இருந்தது. 1927ல் ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டுவந்து அழகுக்கென்று ஒரு பிரிவு. வருடா வருடம் புது மாடல். ஃபோர்டு அதே டி மாடலைப் பிடித்துக்கொண்டு நின்று, 1927ல் ஆலையை மாதக்கணக்கில் மூடி மாடல் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தபோது, ஜி.எம். முந்திவிட்டது. 1931 முதல் 2008ல் டொயோட்டா தாண்டும்வரை விற்பனையில் உலக முதலிடம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிரிவுகள் தங்கள் காரைத் தாங்களே செய்துகொள்ளலாம். பணத்தின் கடிவாளம் மட்டும் மேலே. ஸ்லோன் காலத்தில் இது அபாரமாக வேலை செய்தது. ஆனால் 1958ல் தலைவரான டோனர் தொடங்கி, மர்ஃபி, ரோஜர் ஸ்மித், 2009ல் விலகிய வேகனர் எனப் பலரும் நிதித்துறையிலிருந்து மேலே வந்தவர்கள். கார் செய்தவர்களைவிடக் கணக்குப் பார்த்தவர்களுக்கே நாற்காலி கிடைத்தது. சரிவின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பிப்ரவரி 9

“சங்கம் எப்போது உள்ளே வந்தது?”

1936 டிசம்பர் 30. ஃபிளின்ட்டில் ஜி.எம்.மின் ஃபிஷர் பாடி ஆலையின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே நின்றிருந்தால் வேறு ஆளை வைத்து லைனை ஓட்டியிருப்பார்கள். உள்ளே இருந்தால் இயந்திரமும் அவர்களோடு நிற்கும். கூலியைவிட லைனின் வேகமும் ஃபோர்மேன் நினைத்தால் ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்ற நிலையும்தான் பெரிய குறை. ஜி.எம். 1934 முதல் 1936 வரை தொழிலாளர்களை வேவு பார்க்கத் துப்பறியும் நிறுவனங்களுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தது, செனட் விசாரணையில் வெளிவந்த கணக்கு இது. 

1937 ஜனவரி 11ல் நிர்வாகம் ஆலையில் வெப்பமூட்டலை நிறுத்தியது. மிச்சிகன் ஜனவரி என்றால் கடும்பனி. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீர்க் குழாயைத் திருப்பியும் கதவுக் கீல்களை வீசியும் விரட்டினார்கள். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை அனுப்பினார், ஆனால் ஆலைக்குள் இருந்தவர்களை அடித்து வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். அவர் நிலை வேறாக இருந்திருந்தால் பிணங்கள் விழுந்திருக்கும். 44 நாள் கழித்து, பிப்ரவரி 11ல் ஜி.எம். சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்திட்டது. வாகனத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 30,000லிருந்து 5 லட்சத்துக்குப் போனது.

பெண்களை யாரும் சொல்லவில்லையே என்று கோபித்த தங்கைக்கு: சரியான கோபம். ஜெனோரா ஜான்சன் திரட்டிய பெண்கள் அவசரப் படை இல்லாமல் அந்தப் போராட்டம் நின்றிருக்காது. ஆலைக்குள் கண்ணீர்ப்புகை பரவியபோது, காற்றுப் போக ஆலையின் ஜன்னல்களை வெளியிலிருந்து உடைத்தவர்கள் அவர்கள்.

பிப்ரவரி 11

இந்த இழையில் இரண்டு பேர், “ஜி.எம்.முக்கு நல்லது நாட்டுக்கு நல்லது” என்று அந்தக் கம்பெனித் தலைவர் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். சார்லஸ் வில்சன் 1953ல் பாதுகாப்பு அமைச்சராகும் முன் செனட் குழு முன்னால் சொன்னது வேறு வரிசை: நாட்டுக்கு நல்லது ஜி.எம்.முக்கும் நல்லது என்றே தான் நினைத்ததாகவும், மறுதலையும் அப்படியே என்றும் சொன்னார். பாதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். வில்சனிடம் எனக்குப் பல கருத்து வேறுபாடு உண்டு, ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி வைத்துத்தான் விவாதிக்க வேண்டும்.

ஏனென்றால் நம் கேள்விக்கு விடை இதே வில்சனிடம்தான் இருக்கிறது. 1945-46ல் சங்கம் 113 நாள் வேலைநிறுத்தம் செய்தது. வால்டர் ரூத்தர் தலைமையில் வைத்த கோரிக்கை: கூலியை 30 சதவீதம் ஏற்று, கார் விலையை ஏற்றாதே, முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு. கூலி கொஞ்சம் ஏறியது, புத்தகம் திறக்கவே இல்லை. 1948ல் வில்சன் ஒரு வழி கண்டார். விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படி, அதோடு வருடாந்திர உயர்வு. 1950ல் ஐந்து வருட ஒப்பந்தம். அரசின் ஓய்வூதியத்தையும் சேர்த்து மாதம் 125 டாலர் வரும்படி கம்பெனி ஓய்வூதியம், மருத்துவச் செலவில் பாதி. பதிலுக்குக் கம்பெனிக்குக் கிடைத்தது ஐந்து வருட அமைதி. எந்தக் கார், எந்த ஆலை, என்ன விலை என்பதில் சங்கம் மூக்கை நுழைக்காது.

ரூத்தர் முதலில் விரும்பியது இதுவல்ல. ஓய்வூதியமும் மருத்துவமும் நாடு முழுவதற்கும் பொதுவாக, அரசு வழியாக வர வேண்டும் என்றார். அதிபர் ட்ரூமன் கொண்டுவந்த தேசிய மருத்துவக் காப்பீடு அமெரிக்க நாடாளுமன்றத்தில் தோற்றது. பெரிய கம்பெனிகளுக்கும் அரசு நுழைவது பிடிக்கவில்லை. நாங்களே எங்கள் ஆட்களுக்குக் கொடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்போது அவர்களிடம் கொட்டிக் கிடந்தது. 1955ல் ஒரே வருடத்தில் 100 கோடி டாலர் லாபம் பார்த்த முதல் அமெரிக்கக் கம்பெனி ஜி.எம்.தான். நாளைக்குத் தர வேண்டிய பணத்தை இன்றைக்குச் சொல்லிவிட்டால் இன்றைய லாபம் குறையாது என்பதுதான் கணக்கு.

பிப்ரவரி 12

மேலே எழுதியதற்கு எண்ணிக்கை. 1962ல் ஜி.எம்.மின் அமெரிக்க ஊழியர்கள் சுமார் 4,64,000 பேர், ஓய்வூதியம் பெற்றவர்கள் சுமார் 40,000. 2005ல் ஊழியர்கள் 1,41,000, ஓய்வூதியம் பெற்றவர்கள் 4,53,000. புது ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும்வரைதான் சீட்டு ஓடும். அமெரிக்கச் சந்தையில் பாதியை வைத்திருந்த கம்பெனி 2008ல் 22 சதவீதத்துக்கு இறங்கியது. வாங்குபவர்கள் ஜப்பான் காருக்கு ஓடிய பிறகு யார் உழைத்து யாருக்கு ஓய்வூதியம் கொடுப்பது?

ஒரு காருக்கு மருத்துவச் செலவு மட்டும் சுமார் 1,500 டாலர் என்று ஜி.எம். புலம்பியது உண்மை. கனடாவிலும் ஜப்பானிலும் அந்தச் சுமையின் பெரும்பகுதி பொதுக் காப்பீட்டில் இருந்தது. 1950ல் ரூத்தர் கேட்டதும் அதுதானே.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “வாங்குபவர்கள் ஏன் ஜப்பான் காருக்கு ஓடினார்கள்? சங்கத்துக்காரர்கள் ஒழுங்காக வேலை செய்யாததால்தானே?” என்கிறார். 

ஐயா, இதற்குத்தான் நான் காத்திருந்தேன். கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத ஆலை. கார்கள் மோசம். ஜி.எம். 1982ல் இழுத்து மூடியது. 1984ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தார்கள். அதே ஊர், அதே சங்கம், வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. நடத்தியது டொயோட்டா. இரண்டு வருடத்துக்குள் ஜப்பானில் செய்த காருக்குச் சமமான தரம் வந்தது.

என்ன மாறியது? தலைக்கு மேல் ஒரு கயிறு. தப்பு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார், தீராவிட்டால் லைன் நிற்கும். பழைய ஜி.எம்.மில் லைனை நிறுத்தினால் வேலை போகும். அதனால் தப்பான காரையும் முன்னே தள்ளிவிட்டு, கடைசியில் முற்றத்தில் வைத்துச் சரி செய்தார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்தக் கயிறு இருந்தது. யாராவது இழுத்தால் ஷிப்ட் முடிந்ததும் அவர் பெயர் போர்டில் ஏறும். பிறகு எவன் இழுப்பான்? கயிற்றில் தூசி படிந்ததுதான் மிச்சம். வெளியிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் மட்டும் பெருமையாகக் காட்டுவார்கள். ஜி.எம்.மும் ஃப்ரீமான்ட் முறையை வேன் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோகப் பார்த்தது, ஒட்டவில்லை. 1992ல் அந்த ஆலை மூடப்பட்டது.

எதிர்ப்பக்க உதாரணம் ஓஹையோ மாநிலத்தில் ஜி.எம்.மின் லார்ட்ஸ்டவுன் ஆலை. வேகா காருக்காக மணிக்கு 60 கார் ஓடும் வழக்கத்தை மாற்றி 100 கார் என்று லைனை ஓட்டினார்கள். ஒரு வேலைக்கு 36 வினாடி. 1972ல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கூலியைப் பற்றி அதிகம் பேசவே இல்லை.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். சங்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்ற தொனி வருகிறது. அப்படி நான் நினைக்கவில்லை. 1984ல் வந்த வேலை வங்கி ஏற்பாட்டில், வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறக்குறைய முழுச் சம்பளம். ரோபோ வந்து ஆளை வெளியேற்றும் என்ற பயத்தில் கேட்டது நியாயம்தான். ஆனால் கால் நூற்றாண்டு அப்படியே வைத்திருந்தது சரியில்லை. சங்கத்தில் இருந்தபோது நானே சண்டை போட்டிருப்பேன். அதே காலத்தில் ரோஜர் ஸ்மித் ஒரு கணினிக் கம்பெனிக்கு 250 கோடி டாலரும், ஹியூஸ் விமானக் கம்பெனிக்கு 500 கோடி டாலரும் கொடுத்தார் என்பதையும் அதே தராசில் வைக்கிறேன். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிப்ரவரி 20, இரவு வெகுநேரம்

இன்ஸ்பெக்ஷன்காரனாக என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. திவாலுக்குப் பிறகு வெளிவந்தது, நடந்தது அதற்கு முன்.

ஜி.எம்.மின் கோபால்ட் உள்ளிட்ட சின்னக் கார்களின் இக்னிஷன் சுவிட்ச். சாவியைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கின் விசை டிராயிங்கில் சொன்னதைவிடக் குறைவு. தெரிந்தே 2002ல் ஒப்புதல் கொடுத்தார்கள். சாவிக்கொத்து கனமாக இருந்தால், முழங்கால் பட்டால், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் சாவி தானாகத் திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. 2006ல் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை.

கார் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதன் கொடூரம் புரியாமல் போகலாம். பாகம் மாறினால் டிராயிங் ரிவிஷன் மாற வேண்டும், பார்ட் நம்பர் மாற வேண்டும். அதை வைத்துத்தான் எந்த லாட் எந்த வண்டியில் ஏறியது என்று பின்னால் தேட முடியும். நம்பர் அப்படியே இருந்தால் பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் ஒன்றாகிவிடும். விபத்துகளை ஆராய்ந்த ஜி.எம். ஆட்களே, சில வருடத்துக் கார்களில் மட்டும் ஏன் இது நடக்கிறது என்று தெரியாமல் வருடக்கணக்கில் திணறினார்கள். 2014ல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட சாவு 124.

உள்விசாரணை அறிக்கையில் ஒரு விவரம்: கூட்டத்தில் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், வெளியே வந்ததும் ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். நான் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், வேறு ஊரில், வேறு பாகத்துக்காக. மாதக் கடைசியில் ரிஜெக்ட் போட்ட லாட்டை மேலே இருந்து வந்து, “இந்த ஒரு தடவை அனுப்புங்கள்” என்பார்கள். சங்கம் சொல்லியா இதெல்லாம் நடக்கிறது? கெட்ட செய்தி மேலே ஏறாத கம்பெனியில் கையெழுத்துப் போடுபவர் எப்போதும் நிர்வாகத்து ஆள்தான்.

பிப்ரவரி 21

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிளின்ட் பற்றி. 1960ல் அந்த ஊரில் ஏறக்குறைய 1,97,000 பேர். 2020ல் 81,000. ஆலைகள் போனதும் வரிப்பணம் போனது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து ஈயத்தைக் குடிநீரில் கலந்தது. அதே வருடம் அக்டோபரில் அங்கிருந்த ஜி.எம். எஞ்சின் ஆலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மக்களுக்கு மாற்றுத் தண்ணீர் வர மேலும் ஒரு வருடம் ஆனது. இரும்புக்குக் கிடைத்த கவனம் குழந்தைகளுக்குக் கிடைக்க ஒரு வருடம்! பெட்ரோலில் ஈயம் சேர்க்கும் முறையை 1921ல் கண்டுபிடித்ததும் ஜி.எம். ஆய்வகம்தான்.

பிப்ரவரி 24

இந்தியாவைக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1928லேயே பம்பாயில் ஜி.எம். கார்களை அசெம்பிள் செய்து விற்றது. 1950களில் மூடிவிட்டுப் போனது. 1990களில் குஜராத்தின் ஹலோலுக்குத் திரும்பி வந்தது. 2017 இறுதியில் இங்கே விற்பனையை நிறுத்தியது.

பிப்ரவரி 27

“நான் ஆபீஸ் ஸ்டாஃப், எங்கள் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கப் போகிறார்கள், சங்கமெல்லாம் எங்களுக்கு எதற்கு?” என்று எழுதிய தம்பிக்கு.

1999ல் ஜி.எம். தன் உதிரிபாகப் பிரிவை டெல்ஃபை என்று தனியாகப் பிரித்துவிட்டது. 2005ல் டெல்ஃபை திவாலானது. 2009ல் அதன் ஓய்வூதியப் பொறுப்பு அரசின் காப்பீட்டு அமைப்பிடம் போனது. அது முழுத் தொகையைத் தராது. சங்கத் தொழிலாளர்களுக்குக் குறைந்ததை ஜி.எம். ஈடுகட்டியது, ஏனென்றால் 1999ல் பிரியும்போதே அவர்கள் அப்படி ஒரு உத்தரவாதத்தை எழுதி வாங்கியிருந்தார்கள். மாதச் சம்பள அலுவலர்கள், எஞ்சினியர்கள் என்று சுமார் 20,000 பேரிடம் அப்படி ஒரு தாள் இல்லை. சிலருக்கு ஓய்வூதியம் 70 சதவீதம் வரை குறைந்தது. பத்து வருடத்துக்கு மேல் வழக்காடினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது.

பிரிப்பு உத்தரவு வரும் முன், சர்வீஸ் தொடர்ச்சியும் கிராஜுவிட்டியும் யார் பொறுப்பு என்பதைப் பழைய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், தம்பி. தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் பிரிவில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.